எங்கள் முகவரியிலிருந்து யாரோ அனுப்பும் ‘திற’

அனுப்புநர்:
நிர்வாகப் பங்குதாரர்,
லிஃப்ட் பராமரிப்பு மற்றும் பழுதுநீக்க நிலையம்,
மருந்துக்கடை மாடி, பழைய சந்தைச் சாலை.

பெறுநர்:
உயர்திரு கண்காணிப்பு அலுவலர் அவர்கள்,
இணையவழிக் குற்றப் புகார்ப் பிரிவு,
ஐந்தாம் தளம், அரசு அலுவலக வளாகம்.

பொருள்: எங்கள் நிறுவனத்தின் கைபேசி மின்னஞ்சல் சேவை – காலமான என் கணவரின் எண்ணை வைத்திருக்கும் நபர், பழுதான லிஃப்ட்டுகளை ஓட்டச் சொல்லி உத்தரவு அனுப்புவது – இன்றே முடக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நகரத்தில் பல கட்டடங்களின் லிஃப்ட்டுகளை எங்கள் நிறுவனம் பராமரித்து வருகிறது. இதைத் தொடங்கிய என் கணவர் சென்ற மழைக்காலத்தில் மாரடைப்பால் காலமானார். இப்போது நானும், அவருடைய தம்பியான என் கொழுந்தனாரும், ‘ஸ்பேனர்’ என்று ஊரே அழைக்கும் தலைமை மெக்கானிக்கும் நடத்துகிறோம்.

2. எங்களிடம் ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. பழுதான லிஃப்ட்டை நிறுத்தியதும் அந்தக் கட்டடத்துக் காவலாளியின் கைபேசிக்கு, நிறுவன முகவரியிலிருந்து ‘பூட்டு’ என்று மின்னஞ்சல் போகும். வேலை முடிந்ததும் ‘திற’ என்று போகும். ‘திற’ வராமல் எந்தக் காவலாளியும் மின்சாரம் கொடுக்கக் கூடாது. வந்த பின் யார் வாய்ச்சொல்லைக் கேட்டும் நிறுத்தவும் கூடாது. வாடகைக்காரர்கள் அவசரப்படுத்துவார்கள், கட்டட உரிமையாளர்கள் மிரட்டுவார்கள் என்பதால் என் கணவர் செய்த ஏற்பாடு இது. ஒவ்வொரு காவலாளி அறையிலும் இதை எழுதி ஒட்டியிருக்கிறார். அவர்களும் வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள்.

3. இந்த மின்னஞ்சல் சேவையைத் தேர்ந்தெடுத்ததும் அவரே. விற்பனைக்கு வந்தவர் மூன்று திட்டங்களைக் காட்டினார். ஆளுக்கு ஒரு முகவரி தரும் திட்டம் நல்லது என்று கொழுந்தனார் சொன்னார். காவலாளிகள் குழம்புவார்கள் என்று என் கணவர் அதை ஒதுக்கிவிட்டு, ஒரே முகவரியை எல்லோர் கைபேசியிலும் திறக்கும் திட்டத்தை எடுத்தார். விலை குறைவு என்பதும் அவருக்குக் கசக்கவில்லை. அந்தத் திட்டத்தில் ஒரு கைபேசி எண்தான் தலைமை எண். கடவுச்சொல்லை மாற்றுவது, ஆளைச் சேர்ப்பது, நீக்குவது எல்லாம் அந்த எண்ணுக்கு வரும் குறியீட்டைக் கொண்டுதான். மாற்று எண் ஒன்றும் கொடுங்கள் என்று விற்பனையாளர் கேட்டபோது அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: “நான்தான் இருக்கேனே, அது எதுக்கு?”

4. அவர் போன பிறகு அவருடைய எண்ணுக்கு ரீசார்ஜ் செய்ய வீட்டில் எவருக்கும் மனம் வரவில்லை. எண் செத்துப்போனது. மின்னஞ்சலுக்கான கட்டணம் நிறுவனக் கணக்கிலிருந்து தானாகவே போய்க்கொண்டிருந்ததால், எதுவும் கெட்டுப்போகவில்லை என்று நம்பினோம். காலாவதியான எண்ணை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது.

5. சென்ற மாதம் ஒரு குடியிருப்பில் பிரேக் தேய்ந்திருந்ததால் ஸ்பேனர் ‘பூட்டு’ அனுப்பிவிட்டு உதிரிபாகம் வாங்கப் போனார். அவர் திரும்புவதற்குள் எங்கள் முகவரியிலிருந்து ‘திற’ போயிருக்கிறது. தேய்த்த துணிகளோடு ஏறிய சலவைக்காரரைச் சுமந்துகொண்டு லிஃப்ட் நிற்காமல் இறங்கி அடியில் மோதியது. அவருடைய இரண்டு கணுக்கால்களும் முறிந்தன. மருத்துவமனையில் அவர் என்னைத் திட்டவில்லை. “நீங்கதானே ஓட்டச் சொன்னீங்களாம்?” என்று மட்டும் கேட்டார். திட்டியிருக்கலாம் ஐயா.

6. ஸ்பேனர் கைதவறி அனுப்பிவிட்டார் என்று கொழுந்தனார் குற்றம் சாட்டினார். இருவரும் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினார்கள். நான் எங்கள் எல்லோருடைய கைபேசிகளையும் வாங்கி அலுவலக மேசைமேல் வரிசையாக வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். மதிய உணவு வேளையில், யாரும் எதையும் தொடாமலே, ‘அனுப்பியவை’ பகுதியில் புதிதாக ஒரு ‘திற’ வந்து உட்கார்ந்தது. கீழே ‘அண்ணன்’ என்று இருந்தது. என் கணவர் அப்படித்தான் கையெழுத்திடுவார்.

7. தலைமை எண் கையில் இருந்தும் அந்த நபர் எங்களை முகவரியிலிருந்து வெளியேற்றவில்லை என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டுகிறேன். நாங்கள் பார்க்க வேண்டும் என்றே வைத்திருக்கிறார். பழைய மின்னஞ்சல்கள் அனைத்தையும் படித்திருக்கிறார். ஒரு காவலாளியிடம், மகள் பரீட்சை எப்படி எழுதினாள் என்று என் கணவரைப் போலவே விசாரித்திருக்கிறார். அதைப் படித்தபோது, ஒரு நொடி, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

8. சேவை நிறுவனத்துக்கு நேரில் போனேன். இறப்புச் சான்றிதழை மேசைமேல் வைத்தேன். அங்கிருந்த பெண் மரியாதையாகவே பேசினார். தலைமை எண்ணிலிருந்து ஒப்புதல் வந்தால்தான் எதையும் மாற்ற முடியும் என்றார். என் புகார் மேலிடத்துக்குப் போய், மறுநாள் பதில் வந்தது: “உங்க ஓனர்கிட்டயே பேசிட்டோம் மேடம். எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லிட்டாரு.”

9. கட்டணத்தை நிறுத்தினால் சேவை தானாகச் செத்துவிடும் என்று கொழுந்தனார் யோசனை சொன்னார். வங்கிக்குப் போய் நிறுத்தினோம். அன்று மாலையே, கட்டணம் கிடைத்தது, நன்றி என்று ரசீது வந்தது. ஓராண்டுக்கு மொத்தமாக யாரோ கட்டியிருக்கிறார். விளையாட்டுக்குச் செய்பவர் கைக்காசைப் போட்டு இப்படிச் செய்ய மாட்டார் என்பது என் தாழ்மையான கருத்து.

10. பிறகு, ஆளுக்கு ஒரு முகவரி தரும் விலை கூடிய திட்டத்தை வேறு நிறுவனத்தில் வாங்கினோம். புது முகவரியிலிருந்து வருவதை மட்டும் நம்புங்கள் என்று எல்லாக் காவலாளிகளுக்கும் எழுதினோம். பழைய முகவரியிலிருந்து அவர்களுக்கு உடனே இன்னொன்று போனது: ‘புது முகவரியில் வருவது மோசடி. நம்ப வேண்டாம். அண்ணன்.’ நாங்கள் நேரில் போய்ச் சொன்ன இடங்களில் பாதிப் பேர் கேட்டார்கள். மீதிப் பேர் சுவரில் ஒட்டியிருக்கும் விதியைக் காட்டினார்கள்.

11. கடைசியாக, என் கணவரின் எண்ணை நானே அழைத்தேன். எடுத்தது ஓர் ஆண்குரல். அதற்குப் பின்னால் லிஃப்ட் கதவு மூடும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தில் நான் ஏமாற மாட்டேன். “சொல்லுங்க, எந்த பில்டிங்?” என்று அவர் கேட்டார். இணைப்பைத் துண்டித்துவிட்டேன்.

12. ஆகவே ஐயா, அந்த நபர் யார், அவருக்கு எங்கள்மேல் என்ன பகை என்பதைத் தாங்கள் ஆற அமர விசாரித்துக்கொள்ளலாம். அந்த முகவரியை மட்டும் இன்றே முடக்க உத்தரவிட வேண்டுகிறேன். எங்கள் தொழில் போனாலும் போகட்டும். தேய்ந்த பிரேக்கும் இழையறுந்த வடமுமாக நாங்கள் நிறுத்தி வைத்திருக்கும் லிஃப்ட்டுகளில் யாரும் ஏறாதிருக்க வேண்டும்.

தட்டச்சு செய்த மனு இத்துடன் முடிகிறது. இனி வருவது, தங்கள் அலுவலகத் தரைத்தளத்தில் உட்கார்ந்து நான் கையால் எழுதுவது. எழுத்துக் கோணலுக்குப் பொறுத்தருள்க.

மனுவைக் கொடுக்க வந்த இடத்தில், தங்கள் வளாகத்து லிஃப்ட் ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டேன். அதுவும் எங்கள் பராமரிப்பில் உள்ளதுதான். இரும்பு வடத்தில் இழைகள் அறுந்திருப்பதால் நேற்றுதான் ஸ்பேனர் அதைப் பூட்டினார். காவலாளி வேலைக்குப் புதியவர். காலையில் பழைய முகவரியிலிருந்து ‘திற’ வந்துவிட்டது என்று கைபேசியைக் காட்டுகிறார். நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினேன். “வாயால சொன்னா நிறுத்தக் கூடாதும்மா, உங்க கம்பெனி போர்டுலயே அப்படித்தான் எழுதியிருக்கு. எதுக்கும் மெயில்ல கேட்டுடறேன்” என்று சொல்லி, என் கண்முன்னே அந்தப் பழைய முகவரிக்கே எழுதினார்: ‘உங்க வீட்டம்மா வந்து லிஃப்ட்டை நிறுத்தச் சொல்றாங்க. நிறுத்தவா?’ அவர் கைபேசியைக் கீழே வைப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

‘வேண்டாம். ஓடட்டும். அவங்களையும் ஏறச் சொல்லு. அண்ணன்.’

என்னோடு வந்த கொழுந்தனார், லிஃப்ட் வேலை என்று சொல்லி, மொட்டைமாடி மோட்டார் அறைக்குப் படியேறிப் போயிருக்கிறார். அறை பூட்டியிருப்பதாகக் கைபேசியில் சொல்கிறார், சாவியைக் காவலாளி தர மறுக்கிறார். அழைப்பு வராமல் மனுதாரர்கள் மேலே வரக் கூடாது என்று என்னை இங்கேயே நிறுத்திவைத்திருக்கிறார்கள். லிஃப்ட் கதவருகே நின்று ஏறுகிறவர்களைத் தடுத்துக்கொண்டே எழுதுகிறேன். சிலர் நிற்கிறார்கள். சிலர் என்னை விலக்கிவிட்டு ஏறுகிறார்கள். மேலே இருப்பவர்களை என்னால் தடுக்க முடியவில்லை. இம்மனுவைத் தங்களிடம் கொண்டுவரும் தங்கள் அலுவலக ஊழியரைப் படி வழியாகவே அனுப்புகிறேன்.

தாங்கள் மதிய உணவுக்குக் கீழே இறங்கும் நேரம் இது என்கிறார்கள். ஐயா, மற்றதையெல்லாம் பிறகு படியுங்கள். தயவுசெய்து படியில் இறங்கி வாருங்கள். தங்களோடு இருப்பவர்களையும் படியிலேயே அழைத்து வாருங்கள்.

நாள்: இன்று, வெள்ளிக்கிழமை, நண்பகல்
இடம்: தங்கள் அலுவலகத் தரைத்தளம், லிஃப்ட் வாசல்

தங்கள் வருகைக்குப் படியடியில் காத்திருக்கும்,
(ஒப்பம்)
நிர்வாகப் பங்குதாரர்