பட்டாணியளவு சுரப்பி

ஜூன் 3, செவ்வாய்
பிள்ளைவரம் வேண்டி, மாங்காட்டு அம்மனுக்குக் கடைசி வார எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு வந்தேன். பக்கத்து வீட்டு ஷரீஃபுன்னிசாவின் கைக்குழந்தை இஃபத் அழுதாள். என் ரவிக்கை நனைந்தது. பால்! பிள்ளை பெறாத முப்பத்தாறு வயதில். ஐந்து மாதமாக விலக்கும் ஆகவில்லை. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். “அம்மா கண்ணத் தொறந்துட்டாடி கோமளா!” வீட்டில் செய்த கர்ப்பச் சோதனையில் ஒற்றைக் கோடுதான், இல்லை என்றுதான் வந்தது. அதை அத்தையிடம் சொல்லவில்லை.

ஜூன் 9
ஆவடி டாக்டரம்மா ரத்தச் சோதனையும் ஸ்கேனும் பார்த்துச் சொல்லிவிட்டார். கர்ப்பம் இல்லை. மூளைக்கு அடியில் பட்டாணியளவு சுரப்பி. அதில் சின்னக் கட்டி. பாலை ஊறவைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் மிதமிஞ்சிப் போயிற்றாம். “பயப்படாதீங்க, கேன்சர் இல்ல. மாத்திரையிலயே சுருங்கிடும்.” வீட்டுக்காரரோடு எப்படி இருக்கிறேன் என்றும் கேட்டார். தலையைக் குனிந்துகொண்டேன்.
அத்தை ராத்திரி சாப்பிடவில்லை.

ஜூன் 10
மாத்திரை வாங்கியாயிற்று. போடவில்லை.

ஜூன் 12
செல்போனில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். புரோலாக்டின் கூடினால் ஆசை அடங்குமாம். தாய்க்குப் பிள்ளைமேல் பாசம் ஊறுவதிலும் அதற்குப் பங்கு உண்டாம். மூன்று வருடமாக அவர் பக்கம் திரும்பாமல் படுத்தேனே — பக்தி முற்றுகிறது என்று பெருமைப்பட்டேனே! அதுவும் கட்டியா? அப்போ இஃபத்த தூக்குனா நெஞ்சு கரையுதே, அது யாரு? நானா, அந்தப் பட்டாணியா? மாத்திரையில அதுவும் போயிட்டா எனக்கு இன்னா மிச்சம், தாயே?

ஜூன் 14
அவர் பார்த்துவிட்டார். “இன்னாமே, மாத்திர அப்டியே கீது?” அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.
“மூணு வருசமா உனுக்கு என்னிய புடிக்கலன்னு நெனச்சிகினு கீறேன். கட்டிதானா? நல்லதாப் போச்சு போ.”
சிரித்தார். கண் சிவந்திருந்தது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். விழுங்கினேன்.

ஜூலை 20
விலக்கானேன். அத்தை வெந்நீர் வைத்துக் கொடுத்தார். பாலும் வற்றிவிட்டது. பக்கத்து வீட்டுக்குப் போகவில்லை — தூக்கிப் பார்த்து ஒன்றுமே தோன்றாவிட்டால்?

ஜூலை 27
அவர் சட்டையை மடிக்கும்போது முகர்ந்துபார்த்தேன். சே.

ஆகஸ்ட் 6
சாம்பார் கொதிக்கையில் இஃபத் வீறிட்டாள். பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். ஷரீஃபுன்னிசா, “எத்தினி நாளாச்சிக்கா, புள்ள உங்களையே தேடுது” என்று நீட்டினாள். குழந்தைக்கு வயிற்று வலி. மடியில் குப்புறப் போட்டு முதுகைத் தடவினேன். மார்பில் ஒரு சொட்டு ஊறவில்லை. அவள் ஏப்பம் விட்டு, என் விரலைப் பிடித்தபடி தூங்கினாள். எழுந்திருக்க மனமில்லை.
வீட்டுக்குத் திரும்பினால் எங்கும் புகை. அத்தை கரண்டியோடு நிற்கிறார். “அடுப்ப எரியவுட்டு ஓடுறவள எங்கனா பாத்துகிறியா? பருப்பு இன்னா வெல விக்குது!”
கருகியது கால் கிலோ துவரம்பருப்பு. வீட்டுச் செலவுக் கணக்கில் இஃபத் பேரில் எழுதினேன்.