சாட்டிலைட் போன் எத்தனை போகும்?

1999 மார்ச் 8, திங்கள்
காலையிலேயே வெயில் கொளுத்துது. மேனேஜர் ஒரு ஃபாரம் நீட்டினார். தாம்பரத்துக்குத் தெற்கே சாட்டிலைட் போன் எத்தனை போகும்? வியாழக்கிழமை பம்பாய் ஹெட் ஆபீஸுக்கு ஃபேக்ஸ் போகணும். செட் லட்ச ரூபாய்க்கு மேல. பேச நிமிஷத்துக்கு நூறு. இது சரியா முடிஞ்சாதான் எனக்கு வேலை நிரந்தரம். இல்லைன்னா இந்த மாசத்தோட வீட்டுக்கு. சம்சாரம் வசந்தாகிட்ட சொல்லலை. பயந்துடுவா.
கேஸ் புக் பண்ணணும். ரவை. செருப்புக்கு வார்.

9, செவ்வாய்
சிங்கப்பெருமாள் கோவில். பம்பு கம்பெனி முதலாளி. ஏசி ரூம்ல டெமோ. சிக்னலே இல்லை. மேலே வானம் தெரிஞ்சாதான் எடுக்கும், நானே மறந்துட்டேன், மடையன். வெளியே கூட்டிட்டுப் போனேன். கர்சீப்பைத் தலையில் போட்டுக்கிட்டார். "நூறு ரூபா கொடுத்து வெயில்ல நிக்கணுமா சார்? என் டேபிள்லயே போன் இருக்கே." மோர் கொடுத்து அனுப்பினார். தங்கமான மனுஷன். ஆர்டர்தான் இல்லை.

10, புதன்
கோவளம். பஸ்ல நின்னுகிட்டே. ஒரு போட் ஓனர் ஆசையா கேட்டார். நடுக்கடல்ல எடுக்கும்னதும் முகமே மலர்ந்துடுச்சு. அப்புறம், "ரிங் வுட்டு கட் பண்ணா காசு ஏறாதுல்ல? ஒரு ரிங்னா மீன் இல்ல. ரெண்டுன்னா ஐஸ் ரெடி பண்ணு. மூணுன்னா இன்ஜின் அவுட்டு, ஆள் அனுப்பு. இதுக்கு மேல பேச இன்னா கீது சார்?"
அவர் சம்சாரம்: "பேசினா சண்டைதான் வரும்."
சிரிச்சுட்டேன். நாங்களும் பக்கத்து வீட்டு போனுக்கு ரெண்டு ரிங் கொடுக்கிற ஜாதிதானே. செட் விலை சொன்னதும் கும்பிடு போட்டார். "இன்னொரு போட்டே வாங்கிடுவேனே!"

11, வியாழன்
மேனேஜர்கிட்ட சொல்லிப் பார்த்தேன். நிமிஷக் கணக்கு இங்கே வேலைக்காகாது சார், செட்டை மாச வாடகைக்கு விடுங்க, போட்காரங்க வருவாங்க.
"ரிங் கொடுத்து கட் பண்றவன் நம்ம கஸ்டமரா? இது பெரிய ஆளுங்க போன்யா."
சைபர் போட மனசு வராம ஃபாரத்துல 2-ன்னு எழுதியிருந்தேன். பக்கத்துல அவரே ரெண்டு சைபர் சேர்த்தார். "கையெழுத்து போடுங்க. உங்க பர்மனென்ட் லெட்டர் டைப் ஆயிட்டிருக்கு."
போட்டேன். என் மேலேயே எரிச்சல்.

15, திங்கள்
லெட்டர் வந்தாச்சு. நிரந்தரம்! சம்பளமும் கூட. வசந்தா அடுப்புல பால் வெச்சுட்டா.
ரெண்டாவது பக்கத்தை இப்பதான் படிச்சேன். தாம்பரம் தெற்கு விற்பனை முழுக்க என் பொறுப்பு. டார்கெட் 200. ஆறு மாசம். முடியலைன்னா வேலை கிடையாது.
அதுக்குள்ள அவ காலனி முழுக்கப் பாயசம் கொடுத்துட்டு வந்துட்டா.