கண்ணாடியை ஏற்றிவிட்டு ஐந்து நிமிடம்

என் செல்விக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன் படத்துக்கு மாலை போடும்போதெல்லாம் ஊரார் முன்னால் நாலு நல்ல வார்த்தை சொல்லிவிடுகிறேன். உன்னிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறேன். உன்மேல் எனக்கு இன்னும் பொறாமை தீரவில்லை.

திண்டிவனத்தில் முப்பது வருஷ மெக்கானிக் நான். நீயோ ஆயில் எங்கே ஊற்றுவார்கள் என்றுகூடத் தெரியாதவள். ஆனால் விழுப்புரம் பழைய கார் ஏல யார்டில் உன் பேச்சுக்குத்தான் மதிப்பு. அங்கே காரை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாம், ஓட்டிப் பார்க்க விடமாட்டார்கள். நான் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பேன். நீ பின் சீட்டில் ஏறி, கண்ணாடியை எல்லாம் ஏற்றிவிட்டு ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பாய். இறங்கி வந்து, "இது தண்ணியில நின்ன வண்டிங்க, வேணாம்" என்பாய். அவ்வளவுதான்.

பெருமுக்கலில் உங்கப்பா வீட்டு மல்லாட்டை மூட்டைகளை மோந்து பார்த்தே கடலையில் ஈரம் கண்டுபிடித்த மூக்கு அது. வெள்ளத்தில் மூழ்கிய காரை எப்படிக் கழுவி சென்ட் அடித்து வைத்தாலும் அதை ஏமாற்ற முடியாது. யார்டில் என் பெயரே மறந்துபோனது. "செல்வி வீட்டுக்காரர் வந்துட்டாரா?" என்றுதான் கேட்பார்கள். எனக்கு வயிறு எரியும். ஒரு நாளாவது நீ தப்பாகச் சொல்ல மாட்டாயா என்று சாமியிடம் கேட்டிருக்கிறேன், தெரியுமா?

போன வாரம் நம் பொண்ணு கவிதாவுக்குக் கார் பார்க்கப் போனேன். விழுப்புரத்தில் நர்ஸ் வேலை, தினமும் பஸ்ஸில் இடிபடுகிறாள். அவளும் லீவு போட்டுவிட்டு வந்தாள். ஒரு வெள்ளைக் கார். என்ஜினில் ஒரு குறையும் இல்லை. 'பாத்தியா, நீ இல்லாமலே எடுக்கிறேன்' என்று மனதுக்குள் உன்னிடம் சொல்லிக்கொண்டேன்.

கோட்டக்குப்பத்திலிருந்து ஏலத்துக்கு வருவாரே, காதர் பாய், அவர் பக்கத்தில் வந்து நின்றார். "இன்னா இருந்தாலும் செல்வி தங்கச்சி ஒரு வாட்டி உக்காந்து பாத்திருந்தா பேஜாரே இல்ல."

"என் கண்ணு போதும் பாய்" என்றேன் வெடுக்கென்று.

ஆனாலும் அவர் நகர்ந்ததும் பின் சீட்டில் ஏறி, கண்ணாடியை ஏற்றி உட்கார்ந்தேன். எலுமிச்சை சென்ட்தான் அடித்தது. அதற்கு அடியில் வேறு வாடை இருந்ததா? எனக்கென்ன தெரியும்?

கவிதா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு தரம் மூச்சை இழுத்துப் பார்த்தாள். பிறகு, "அப்பா, மழைக்காலத்துல தாத்தா வீட்டு மல்லாட்டை ரூம்புல ஒரு வாடை அடிக்குமே, அது வருது" என்றாள்.

"உனக்கு இன்னா தெரியும்? முப்பது வருஷமா பாத்துக்கினு வர்றேன் நானு" என்று கத்திவிட்டேன். அவள் சொன்னது தப்பு என்று காட்டத்தான் சீட் பெல்ட்டைக் கடைசிவரை உருவினேன். வெளியே தெரிந்த பகுதி புதிதாக இருந்தது. உள்ளே சுருண்டிருந்த பகுதியில் காய்ந்த சேறு.

எந்தக் கத்துக்குட்டியும் முதலில் இழுத்துப் பார்க்கிற பெல்ட் அது. உன்மேல் இருந்த வீம்பில் நான் தொடவே இல்லை. அந்த வண்டியை எடுத்திருந்தால், உள்ளே வயர் அழுகி ஒரு நாள் ஹைவே நடுவில் நின்றிருக்கும். பின்னால் லாரி வந்தால்? அவள் உள்ளே இருந்தால்?

வேண்டாமென்று வந்துவிட்டோம். கிளம்பும்போது காதர் பாய் மற்றவர்களிடம், "செல்வி பொண்ணு வேணாம்னுச்சாம். கை வைக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மூக்கை அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய். எனக்குக் கொஞ்சம் விட்டுவைத்திருக்கக் கூடாதா?

அடுத்த ஏலத்தில் அவள்தான் முதலில் வண்டிக்குள் உட்காருவாள். அதற்கப்புறம்தான் நான் பானெட்டைத் திறப்பேன். இது உனக்குக் கொடுக்கிற வாக்கு.

இன்னொன்று. நீ போனதிலிருந்து யார்டில் என்னை எல்லோரும் அண்ணே என்கிறார்கள். அந்தப் பழைய பேரைச் சொல்லி ஒருத்தரும் கூப்பிடுவதில்லை. அதனால் நானே எழுதிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செல்வி வீட்டுக்காரன்