நாலாவது பிளக்

ஆவணி, ஞாயிறு இரவு

விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்து எரிகிறது.

என் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினில் உள்ள நாலு ஸ்பார்க் பிளக்கையும் மாற்றக் காலையில் இறங்கினேன். மூன்று எப்படியோ கழன்றன. நாலாவது அசையவே இல்லை. எண்ணெய் விட்டு ஊறவைத்தேன். ஸ்பானரில் குழாய் மாட்டி முழுப் பலத்தையும் போட்டேன். பொழுதுபடும் நேரம் பிளக் முறிந்து, பாதி எஞ்சினுக்குள்ளேயே நின்றுவிட்டது.

புதன்கிழமை சித்தாண்டிக் கோயிலில் மனைவியின் தம்பிக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக் கார் இதுதான் என்று ஊரெல்லாம் சொன்னவன் நான். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையே போனில் கூப்பிட்டான்.

“அத்தான், கார் சரிதானே?”

“ஓம், ஓம்” என்று வைத்துவிட்டேன்.

பிளக்கைத் துருப்பிடிக்க வைத்தது என்று வாவிக்கரை உப்புக் காற்றைத் திட்டினேன். ஆத்திரம் அடங்கவில்லை.

“எந்த விசரன் இதை இப்பிடி இறுக்கினவன்?”

டோர்ச் பிடித்து நின்ற மனைவி என்னையே பார்த்தாள்.

“நீங்கதான். போன முறை பிளக் மாத்தின அண்டைக்கும் நான்தான் டோர்ச் பிடிச்சன். காணும், இனி இறுக்காதீங்க எண்டன். கேட்டீங்களா?”

டோர்ச்சை அணைத்தாள்.

“தம்பிக்கு நீங்களே சொல்லுங்க.”

மூன்று தரம் போனை எடுத்துவிட்டேன். மூன்று தரமும் மணி பார்த்து, அவன் படுத்திருப்பான் என்று வைத்தேன்.