க்ளென்டா ஓட்டாத கோடை

ஜூலை 24

தேவாலயத்துக்குப் பின்னாலிருக்கும் காலி இடத்தில் இன்றும் கேம்பரைப் பின்பக்கமாக எடுத்துப் பழகினேன். நான்கு கூம்புகள் வைத்து மூன்றைச் சாய்த்தேன். க்ளென்டா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ஸ்டியரிங்கைக் கீழ்ப்பக்கம் பிடி. கேம்பர் எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் கையைத் தள்ளு. இதுல என்ன இருக்கு ரோலண்ட்? குரங்குக்குச் சொன்னாக்கூட இந்நேரம் ஓட்டிட்டுப் போயிருக்கும்."

முப்பத்திரண்டு வருஷமாக எங்கள் வீட்டில் வண்டி ஓட்டுவது அவள்தான். நான் பல்செட் செய்கிறவன். என் கைக்குப் பழக்கமானதெல்லாம் கட்டைவிரல் அளவுச் சாமான்கள். இருபத்தைந்து அடி கேம்பர் வீட்டைப் பிக்கப் வண்டிக்குப் பின்னால் மாட்டி, வருஷா வருஷம் போகும் ஏரிக்கரை முகாம்வரை இழுத்துப் போவது எனக்கு வருமா?

வேறு வழியில்லை. பிப்ரவரி இருபதாம் தேதி அவளுக்கு வலிப்பு வந்தது. ஆறு மாசம் மறுபடி வராமல் இருந்தால்தான் ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கிராமச் சாலைகளில் இருபத்திரண்டு வருஷம் தபால் போட்டவள் இப்போது வீட்டில் உட்கார்ந்து காலண்டரில் நாளை அடித்துக்கொண்டிருக்கிறாள். ஆகஸ்ட் இருபதுக்கு இன்னும் இருபத்தேழு நாள்.

ஜூலை 27

டயரில் காற்று நான்கு தடவை பார்த்தாயிற்று. அவளுடைய மாத்திரைகளை மூன்று இடத்தில் பிரித்து வைத்திருக்கிறேன். நாளைக் காலை கிளம்புகிறோம். வழியில் வரும் மேக்கினா பாலத்தில் போகும்போதெல்லாம் நான் பக்கத்து இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டிருப்பேன். தூங்குகிறேன் என்று அவள் நினைத்திருக்கிறாள். நாளைக்கு எப்படி மூடுவேன்?

ஜூலை 28

பாலம் தாண்டியாயிற்று.

ஓரத் தடத்திலேயே போய்விடலாம் என்றிருந்தேன். அங்கே பழுது பார்க்கிறார்களாம், உள்பக்கம் தள்ளிவிட்டார்கள். அங்கே தரையே இரும்பு வலை. கீழே தண்ணீர் தெரிகிறது. டயர் ஓவென்று அலற, காற்று கேம்பரைப் பிடித்து ஆட்ட, என்னால முடியல, வாய்விட்டே சொல்லிட்டேன், "க்ளென், என்னால முடியல."

அவள் கத்தவில்லை. "முன்னாடி போற லாரியோட நம்பர் பலகையைப் பாரு. வேற எதையும் பார்க்காத. என்ன எழுதியிருக்கு, படி." படித்தேன். "இப்ப பின்னாலேர்ந்து படி." படித்தேன். ஐந்து மைலும் அதையே படித்தேன்.

அக்கரையில் வண்டியை நிறுத்தியதும், "இத்தனை வருஷமா நீ தூங்கவே இல்லையா, திருட்டுக் கிழவா?" என்று சிரித்தாள். பிப்ரவரிக்குப் பிறகு அவள் இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

ஜூலை 29

முகாமில் எங்களுக்கு ஹெம்லாக் மரங்களுக்கு நடுவே ஓர் இடம். மரங்களுக்கு அந்தப் பக்கம் சுப்பீரியர் ஏரி. கேம்பரை உள்ளே விட நாற்பது நிமிஷம். அக்கம்பக்கத்தார் மடக்கு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் கையில் பீர். ஒரு மரத்தை உரசினேன், மரத்துக்கு ஒன்றுமில்லை.

மகள் கெல்சி பக்கத்து இடத்தில் முந்தின நாளே வந்து கூடாரம் போட்டிருந்தாள். பேத்தி ஓபலுக்கு ஆறு வயசு. முன்பல் இரண்டும் இல்லை. எனக்குத் தொழில்முறைக் கவலை என்றேன்.

ஜூலை 31

எழுதலாமா?

காலை ஏழரை. கெல்சியும் ஓபலும் குளிக்கும் இடத்துக்குப் போயிருந்தார்கள். க்ளென்டா நெருப்பு மூட்டிவிட்டு, காப்பிக் கோப்பையோடு நின்று கொசுவைப் பற்றி ஏதோ சொன்னாள். பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டாள். கண் என்மேல்தான் இருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. உதடு எதையோ மெல்லுவதுபோல அசைந்தது. கோப்பை சாய்ந்து காப்பி செருப்பில் கொட்டியது. இருபது விநாடி இருக்கும். இருபத்தைந்து? மணி பார்க்கத் தோன்றவில்லையே எனக்கு!

பிறகு செருப்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். புரிந்துவிட்டது.

"நீ எதையும் பார்க்கல."

"க்ளென்…"

"இன்னும் இருபது நாள் ரோலண்ட். இருபதே நாள். இதைச் சொன்னா திரும்ப ஒண்ணுலேர்ந்து எண்ணச் சொல்லுவாங்க. என் தபால் சுத்தை வேற யாருக்காவது குடுத்துடுவாங்க. கை தவறிக் காப்பி கொட்டிச்சு. அவ்வளவுதான்."

சரி என்றேன். ஏன் சரி என்றேன்?

ஆகஸ்ட் 1

அவள் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நிற்கிறேன். பேச்சை நிறுத்தினால் ஓடிப்போய் முகத்தைப் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 2

கெல்சி புகை போட்ட மீன் வாங்கி வந்தாள். என்னால் சாப்பிட முடியவில்லை. மாலையில் க்ளென்டா ஓபலைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்தாள். ஐஸ் மாதிரித் தண்ணீர். நானும் பேண்ட்டோடு பின்னாலேயே இறங்கிவிட்டேன். "அப்பாவுக்கு என்ன ஆச்சு?" என்று கரையில் கெல்சி சிரித்தாள். அவளைத் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

ஆகஸ்ட் 3

சொல்லிவிட்டேன். எல்லார் முன்னாலும்.

எதிரே தெரிகிற சின்னத் தீவுக்குக் கூட்டிப் போவதாக க்ளென்டா ஓபலிடம் வாக்குக் கொடுத்திருந்தாளாம். நான் விறகு வாங்கிவிட்டு வந்தபோது இரண்டு பேரும் மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு படகில் உட்கார்ந்தாயிற்று. கெல்சி தள்ளிவிடப் போகிறாள். விறகை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். தண்ணீரில் இறங்கிப் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"இறங்கு க்ளென்."

"கையை எடு."

"குழந்தை இருக்கு. இறங்கு."

"ரோலண்ட்." குரல் தாழ்ந்தது. "வேணாம்."

"உங்கம்மாவுக்கு வெள்ளிக்கிழமை வலிப்பு வந்துச்சு," என்று கெல்சியிடம் சொன்னேன். "நான் பார்த்தேன்."

க்ளென்டா துடுப்பைப் படகுக்குள் வைத்துவிட்டு இறங்கி நடந்தாள். என்மேல் கோபப்பட்டது கெல்சிதான். ஓபலைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கத்தினாள்: "மூணு நாளா? மூணு நாளாத் தெரியுமா உங்களுக்கு? நேத்து அம்மா இவளைத் தோள்ல வெச்சுக்கிட்டுத் தண்ணிக்குள்ள போனாங்க. நீங்க பார்த்துக்கிட்டு இருந்தீங்கப்பா!"

ஆமாம். பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். என்ன மனுஷன் நான்?

ஆகஸ்ட் 4

க்ளென்டா நாள் முழுக்கப் பிக்கப்பில், ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். சாவி என் பையில். சாப்பாட்டுத் தட்டை ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 5

காலையில் அவள் பக்கத்து இருக்கைக்கு மாறி உட்கார்ந்திருந்தாள். "கிளம்பு. மேட்டுக்குப் போகணும். அங்கதான் போன் எடுக்கும்."

மேடு பதினான்கு மைல். மேட்டில் நிறுத்தினேன். நான் இறங்கப் போனேன். "இரு, நீயும் கேளு" என்று சொல்லி டாக்டரைக் கூப்பிட்டாள்.

"ஆமா டாக்டர். இங்க வந்தப்புறம் ஒண்ணு." என் பக்கம் திரும்பாமல் சொன்னாள். "அதுக்கு முன்னாடி மே மாசம் ஒண்ணு. ஜூன்ல ஒண்ணு… இல்ல, யாரும் பார்க்கல. ஒரு தடவை பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தேன். கண்ணு முழிச்சா தரையில கிடக்கேன். அவரு தோட்டத்துல இருந்தாரு."

தோட்டத்தில் இருந்தேன். தக்காளிக்குக் கொம்பு நட்டுக்கொண்டு இருந்திருப்பேன். உள்ளே வந்து காப்பி கேட்டிருப்பேன். அவளும் போட்டுக் கொடுத்திருப்பாள்.

மாத்திரையை மாற்றுகிறார்கள். எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. போனை வைத்துவிட்டு அழுதாள். நான் அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"தனியா விழுந்து எழுந்திரிச்சியா?" என்றேன்.

"நீ பயந்துடுவேன்னுதான்."

ஆகஸ்ட் 6

கெல்சி வந்து க்ளென்டாவைக் கட்டிக்கொண்டாள். என்னோடு இன்னும் சரியாகப் பேசவில்லை. அது நியாயந்தான்.

ஆகஸ்ட் 8

வீடு வந்து சேர்ந்தோம். மருந்து மயக்கத்தில் அவள் வழியெல்லாம் தூங்கினாள். இரண்டு தடவை வண்டியை நிறுத்தி, மூச்சு வருகிறதா என்று பார்த்தேன்.

செப்டம்பர் 15

அவளுடைய சுற்றை ரெனே என்ற இளம்பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். க்ளென்டாவுக்கு இப்போதைக்குத் தபால் ஆபீஸுக்குள்ளேயே தபால் பிரிக்கும் வேலை. இன்று முதல் நாள். ஆறரைக்குக் கொண்டு விட்டேன். பாதி வழி திரும்பிய பிறகுதான் மதியச் சாப்பாட்டு டப்பா இருக்கையிலேயே இருப்பதைப் பார்த்தேன்.

திரும்பிப் போனபோது ஆபீஸின் பின்கதவு திறந்திருந்தது. அவள் குரல் கேட்டது.

"ஒரு தடவைதான் சொல்லுவேன், கேட்டுக்கங்க. எனக்கு வலிப்பு இருக்கு. பேசிக்கிட்டே இருந்து பொம்மை மாதிரி நின்னுட்டேன்னா போனை எடுத்து மணி பாருங்க. பிடிச்சு உலுக்காதீங்க. விழுந்துட்டா ஒரு பக்கமாத் திருப்பிப் படுக்க வைங்க, வாயில எதையும் வைக்காதீங்க. அஞ்சு நிமிஷம் தாண்டினா ஆம்புலன்ஸ். ரெனே, எழுதிக்கிறியா?"

"எழுதிக்கிட்டேன். உங்க வீட்டுக்காரருக்குப் போன் பண்ணணுமா?"

"பண்ணு. உடனே பண்ணு. பயப்படுவாரு, பரவாயில்ல."

டப்பாவைக் கதவருகே மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மூன்றரைக்கு வரச் சொல்லியிருந்தாள். மூன்று மணிக்கே போய் நின்றேன்.