பர்கூர் தொட்டிக்கு நான் வரைந்த வெளிச்சம்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். மத்திகிரி முழுக்கச் சேறு. துணி காயவில்லை.

கடல் பவளம் வளர்க்கும் கண்ணாடித் தொட்டியின் வரைபடத்தில் பம்ப்பின் இடத்தை மறுபடி மாற்றினேன். இடது பக்கக் கண்ணாடி, தண்ணீர் மட்டத்துக்கு நாலு விரல் கீழே. ஓட்டம் எதிர்க் கண்ணாடியில் மோதி, உடைந்து, கல்லுக்குப் பின்னால் சுற்றி வரவேண்டும். பின் மூலையில் அசைவு இல்லாவிட்டால் அழுக்குத் தங்கும். நீரோட்ட அம்புகள் பச்சை மையில். வெளிச்சத்தின் கோணம் நீல மையில். பார்க்கவே அழகு.

தொட்டி ஹாலில், டிவிக்குப் பக்கத்தில். இரண்டடி நீளம். உள்ளே போர்வை மூன்று, தலையணை இரண்டு, என் யூனிஃபார்ம். வாங்கியதிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் பார்த்ததில்லை.

செல்வி வீட்டைக் கூட்டிக்கொண்டே: "ஏங்க, அந்தப் பொட்டிக்கு ஒரு கதவு போட்டுக் குடுங்க. பீரோவாவது ஆவட்டும்."

வரைபடத்தை மடித்து வைத்தேன்.

கடல் தொட்டி வைப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் இன்று மூன்று கேள்விகள். மூன்றுக்கும் நான்தான் பதில். 'சீனியர்' என்கிறார்கள். போன மாதம் பெங்களூர்க் கடையில் எடுத்த தொட்டி போட்டோவைப் போட்டேன். "இன்று காலை" என்று மட்டும் எழுதினேன். என்னுடையது என்று எழுதவில்லை. இல்லை என்றும் எழுதவில்லை. நாற்பது பேர் கைதட்டினார்கள்.

மதியம் பர்கூரிலிருந்து லதா போன். வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிற பெண். அப்பா லாரி ஓட்டியவர். பக்கவாதம் வந்து கட்டிலோடு கிடக்கிறார். அவர் பார்த்துக்கொண்டு கிடக்கட்டும் என்றுதான் தொட்டி வாங்கினாள். வெளிச்சம், நீரோட்டம், எல்லாம் நான் வரைந்து அனுப்பியது. விளக்கு தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, முதல் நாளிலிருந்தே முழு வெளிச்சம், பத்து மணி நேரம்.

"சார், காளான் பவளம் வெளுத்துகினே போவுதுங்க. பட்டன் பவளம் மூடினது மூடினாப்பலயே இருக்குது."

"பழகற வரைக்கும் அப்படித்தான் இருக்கும்மா," என்றேன். எங்கிருந்து வருகிறது இந்தக் குரல்?

அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"நல்லாத் தூங்கறாருங்க. முன்னெல்லாம் பகலு முச்சூடும் முழிச்சிகினு மோட்டுவளையவே பாத்துகினு இருப்பாரு. அப்பறம் சார்..." கொஞ்சம் கூச்சம். "என்னைக் கண்ணு, கண்ணுன்னு கூப்புடறாருங்க. சின்னதுல கூட அப்படிக் கூப்பிட்டதில்ல. அதட்டிதான் பேசுவாரு. வாய் கொழறுது, ஆனா அது மட்டும் தெளிவா வருது. அந்த டேங்க்கு வந்ததுல இருந்துதான்."

எனக்குப் பெருமையாக இருந்தது. இதை எழுதவும் கை கூசுகிறது. ஆனால் இருந்தது.

கடைசியில் கேட்டாள்: "அடுத்த ஞாயித்துக்கெழம உங்க டேங்க்க வந்து பாக்கலாமுங்களா? ஒரு தடவ கண்ணால பாத்துட்டா எனக்கு வெளங்கிடும்."

வாங்க என்றேன். வாய் சொல்லிவிட்டது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வெயிலும் இல்லை, மழையும் இல்லை. ஃபாக்டரியில் கூலன்ட் லைன் அடைப்பு. நான் பராமரிப்புப் பிரிவு, குழாயும் பம்ப்பும்தான் தினப்படி வேலை. அதனால்தான் குழுவில் என் அம்புக்குறிகளை நம்புகிறார்கள். குழாயில் ஓடும் எண்ணெய்க்கு உயிர் இல்லை. தொட்டிக்குள் இருப்பதற்கு உண்டு என்று யோசித்ததே இல்லை.

லதாவிடம் சொல்ல:
– ஊருக்குப் போகிறேன்.
– செல்விக்குக் காய்ச்சல். (அவள் காதில் விழுந்தால் தீர்ந்தேன்.)
– தொட்டி கசிகிறது, காலி செய்துவிட்டேன்.

மூன்றாவது நன்றாக இருக்கிறது. நன்றாக இருக்கிறது என்று தோன்றுவதே கேவலமாக இருக்கிறது.

கேன்டீனில் பக்கத்து மேஜை: "அவன் லீவு லெட்டர்ல பாட்டிய மூணாவது தடவ சாவடிச்சிட்டான்டா." எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

ஏன் தண்ணீர் ஊற்றவில்லை? வீட்டுக்காரர் திட்டுவார், பாரம் தாங்காது, கரண்டு போகும் என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டதெல்லாம் பொய். ஊற்றினால் நான் போட்ட கணக்குத் தப்பு என்று தெரிந்துவிடும். காகிதத்தில் எதுவும் சாவதில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஃபாக்டரிக்கு லீவு போட்டேன். செல்வியிடம் பேங்க் வேலை என்று சொல்லிவிட்டு பெங்களூர் பஸ். அத்திப்பள்ளியில் வழக்கமான நெரிசல். பின் சீட்டில் ஒருத்தி போனில் தெலுங்கில் யாரையோ திட்டி, அதே மூச்சில் தமிழில் கொஞ்சினாள்.

கடைக்காரரிடம் கேட்டேவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாலைந்து பவளம் தருவீர்களா, திங்கட்கிழமை திருப்பித் தந்துவிடுகிறேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஹவள பாடிகெகா?"

பவளம் வாடகைக்கா. கடைப் பையன்கள் சிரித்தார்கள்.

பிறகு அவருடைய தமிழில், பொறுமையாக: "சார், இன்னிக்கு உப்புத் தண்ணி ஊத்தி ஞாயித்துக்கிழமை பவளம் போட்டா செத்துப் போகும். தண்ணி பழகணும், வாரக்கணக்குல. தெரியாதா உங்களுக்கு?"

தெரியும். குழுவில் எத்தனையோ பேருக்கு அறிவுரையாக எழுதியிருக்கிறேன். 'பொறுமை இல்லாதவர்கள் இந்தப் பக்கம் வராதீர்கள்' என்றுகூட ஒரு தடவை.

திரும்பும்போது பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். இடம் இருந்தது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

லதா வந்துவிட்டாள்.

'கசிகிறது' என்று நேற்றே போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. துணிச்சலால் இல்லை. தள்ளிப்போட்டே பழக்கம். போர்வைகளையாவது எடுத்து வைத்திருக்கலாம். அதையும் செய்யவில்லை.

அப்பாவைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் விட்டுவிட்டு கிருஷ்ணகிரி வந்து, பஸ் மாறி, ஓசூர் வந்து, அங்கிருந்து டவுன் பஸ். கையில் ஒரு பை நிறைய மாம்பழம், சீசன் கடைசிக் காய். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். கழுத்தில் அளவு டேப் தொங்குகிறது, கழற்ற மறந்து வந்திருக்கிறாள்.

செல்வி டீ கொடுத்தாள். லதா ஹாலைச் சுற்றிப் பார்த்தாள். உள் அறைக் கதவைப் பார்த்தாள்.

"டேங்க்கு எங்கீங்க சார்?"

செல்விதான் கையைக் காட்டினாள். "அதாம்மா."

லதா போர்வைகளைப் பார்த்தாள். பிறகு என்னை.

"கழுவறதுக்கு எடுத்து வெச்சிருக்கீங்களா?"

அவளே எனக்கு ஒரு பொய்யைக் கையில் எடுத்துக் கொடுத்தாள். தலையாட்டினால் போதும். நான் தலையாட்டப் போனேன். அது உண்மை. செல்வி என்னைப் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் ஆட்டவில்லை.

"இல்லம்மா. நான் இதுவரைக்கும் தொட்டி வெச்சதே இல்ல."

"அந்தப் போட்டோ?"

"கடையில எடுத்தது."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"அப்ப எங்கூட்டு டேங்க்குதான் உங்களுக்கு மொதோ டேங்க்குங்களா?"

இதைவிட ஒரு அறை விட்டிருக்கலாம்.

மாம்பழத்தைச் செல்வியிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். திரும்ப எடுத்துக்கொண்டு போயிருந்தாலும் நிம்மதி.

சாயங்காலம் செல்வி மாம்பழத்தைக் கழுவி வைத்தாள். பிறகு: "அந்தப் புள்ள மூணு பஸ்ஸேறி வந்திருக்குது. அப்பனப் பக்கத்தூட்டுல உட்டுட்டு. நீங்க போர்வையக் காட்டறீங்க." அப்புறம்: "பேங்க்கு வேலன்னு போனீங்களே, அதுவும் இதுதானா?"

ஆமாம்.

ஆகஸ்ட் 11, திங்கள்

குழுவில் எழுதினேன். மூன்று தடவை அழித்தேன். கடைசியில் போட்டது: எனக்குத் தொட்டி கிடையாது. படித்ததை வைத்துத்தான் சொன்னேன். படம் கடையில் எடுத்தது. என் பேச்சைக் கேட்டு விளக்கு வைத்தவர்கள் வெளிச்சத்தைக் குறையுங்கள்.

இரண்டு பேர் குழுவை விட்டு வெளியேறினார்கள். ஒருவர்: "அப்ப என் பவளம் செத்தது உங்களாலதானா?"

டிபன் நேரத்தில் இன்னொருவர்: "பரவால்ல அண்ணா. ஆனா எனக்கு பம்ப் இடது பக்கமா, வலது பக்கமா, அத மட்டும் சொல்லுங்க."

முந்தின கேள்வியைவிட இதுதான் குத்தியது; டிபன் பாக்ஸை மூடிவிட்டேன்.

லதாவுக்கு: "வந்து பார்க்கட்டுமா?" பதில் சாயங்காலம் வந்தது. "வாங்க." அவ்வளவுதான். சார் இல்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

ஃபாக்டரி லீவு. பள்ளிக்கூட வாசலெல்லாம் கொடி. நல்ல வெயில். குருபரப்பள்ளியில் பஸ் டீக்கு நின்றது. இறங்கவில்லை.

லதா வீடு மெயின் ரோட்டிலிருந்து உள்ளே. முன்னறையில் தையல் மெஷின், தொங்கும் ஜாக்கெட்டுகள். உள்ளறையில் கட்டில், எதிரே தொட்டி. சுவரில் என் வரைபடம், நாலு மூலையிலும் டேப் ஒட்டி. பச்சை அம்பு, நீலக் கோடு. அதைப் பார்க்க முடியவில்லை.

சட்டைக் கையை மடித்துவிட்டுத் தண்ணீரில் கைவிட்டேன். வெதுவெதுப்பு. வெளியே எடுத்ததும் தோலில் பிசுபிசுப்பு. எத்தனை பக்கம் வரைந்திருப்பேன், இது எனக்குத் தெரியாது.

பார்த்தது:
– பம்ப்பின் வேகம் முழுக்க ஒரே பவளத்தின் மேல். சதை கிழிந்து ஆடுகிறது. கண்ணாடியில் மோதி உடையும் என்று நான் எழுதியது நடக்கவில்லை. கல் குறுக்கே இருக்கிறது. இந்தக் கல் இருக்கும் இடத்தை நான் வரையவே இல்லை.
– பின் மூலையில் அசைவே இல்லை. பழுப்பாக ஏதோ படிந்திருக்கிறது.
– காளான் பவளம் இரண்டும் வெள்ளை. வெந்த முட்டை மாதிரி.

பம்ப்பைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினேன். கிழிந்தது ஆடுவது நின்றது. லதா கைகட்டி நின்றாள்.

பின் மூலை சரியாகத் தெரியவில்லை. கட்டில் பக்கம் போனேன். அப்பா கண்ணை மூடிக் கிடந்தார். தூக்கம் இல்லை. இமைகளை இறுக்கி மூடியிருந்தார். ஓரத்தில் ஈரம்.

"கண்ணு," என்றார்.

லதாவின் முகம் மாறியது. இங்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக. "பாத்தீங்களா, கூப்புடறாரு. என்னப்பா?"

"கண்ணு. கண்ணு."

மூலையைப் பார்க்க நான் தலையணை உயரத்துக்குக் குனிந்தேன். விளக்கின் அடிப்பாகம் நேராக முகத்தில் அடித்தது. நீலமும் வெள்ளையும். ஊசி மாதிரி. நின்று பார்த்தால் தெரியாது. விளக்கின் மூடி மறைத்துவிடும். படுத்திருப்பவருக்கு மட்டும் தெரியும். தலையைத் திருப்ப முடியாதவருக்கு. பத்து மணி நேரம்.

தண்ணீருக்குள் வெளிச்சம் எங்கெல்லாம் விழும் என்று கோடு போட்டேன். வெளியே யார் இருப்பார்கள் என்று யோசிக்கவில்லை. அவள் முதல் நாளே சொன்னாள், அப்பா கட்டிலில் கிடக்கிறார் என்று.

எதுவும் பேசாமல் விளக்கை மட்டும் குறைத்துவிட்டு வந்திருக்கலாம். அவளுக்கு அந்தக் கூப்பிடல் மிச்சம் இருந்திருக்கும். அது கருணையா, மறுபடியும் என் கோழைத்தனமா, தெரியவில்லை.

"இங்க வந்து குனிஞ்சு பாருங்கம்மா," என்றேன்.

குனிந்தாள். ரொம்ப நேரம் நிமிரவில்லை. பிறகு போய் ஸ்விட்சை அணைத்தாள். அறை சாதாரண அறையாகிவிட்டது. அப்பா மெதுவாகக் கண் திறந்தார்.

"அப்ப என்னைக் கூப்புடலீங்களா?" என்னைக் கேட்கவில்லை, அவரையும் கேட்கவில்லை.

முன்னறைக்குப் போனாள். கறுப்பு லைனிங் துணி வெட்டும் சத்தம். மெஷின் ஓடியது. நடுவில் நின்றது. நான் தொட்டிப் பக்கமே திரும்பி நின்றேன். அப்புறம் மறுபடி ஓடியது.

விளக்கைச் சுற்றித் தொங்கவிட இரண்டு விரல் அகலத் துணி விளிம்பு. தண்ணீரைத் தொடாமல், பின் குத்தி மாட்டினோம். வெளிச்சத்தைக் கால் பங்காக்கினேன். ஆறு மணி நேரம் போதும் என்றேன். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. இதுவும் படித்ததுதான் என்றும் சொன்னேன்.

வாசல்வரை வந்தாள். "எனக்கும்தான் தெரிஞ்சிருக்கணும். தெனமும் அவர் மூஞ்சியத் தொடைக்கறவ நானு."

அதை அவள் சொல்லியிருக்கக் கூடாது. என் பங்கையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மேகமூட்டம், காற்று. தொட்டித் தண்ணீர் மாற்றவேண்டும், கேன் தூக்க ஆள் இல்லை என்று லதா மெசேஜ். செல்வி தானும் வருகிறேன் என்று கிளம்பிவிட்டாள். "நீங்க அங்க என்னா பேசறீங்கன்னு நான் பாக்கணும்."

ஒரு காளான் பவளம் போய்விட்டது. லதா முன்னமே எடுத்துப் போட்டுவிட்டாள். பட்டன் பவளம் இரண்டு மூன்று பாதி திறந்திருக்கிறது. நிலைக்குமா என்று தெரியாது.

அப்பா முழித்திருந்தார். தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே கல்லும் மணலும் மூடிக் கிடக்கும் பவளமும்தான், இருந்தும் பார்த்தார். லதா அவர் தலைக்கு அடியில் இன்னொரு தலையணை வைத்திருக்கிறாள்.

நான் பழைய தண்ணீரை பக்கெட்டில் இறக்கிக்கொண்டிருந்தேன். அவர் நல்ல கையைத் தூக்கித் தொட்டியைக் காட்டினார். "மீ..."

லதா வாயருகே குனிந்தாள். "மீனு எங்கன்னு கேக்கறாருங்க."

"எப்ப உடலாம்?" லதா என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"தெரியாதும்மா."

"எனக்கும் தெரியல. நாலு பேரக் கேட்டுட்டு உடலாம்."

அப்பா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு செல்வியைப் பார்த்து, கட்டில் ஓரத்து ஸ்டூலைக் காட்டினார். உட்காரச் சொல்கிறார். செல்வி உட்கார்ந்தாள். அவர் எனக்கு எதையும் காட்டவில்லை. அடுத்த கேனைத் தூக்கினேன்.