அறுநூறு பேர் எடுத்தாண்ட வரி

டெல்லி, ஜனவரி 11

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் சௌந்தர்யா எழுதுவது. நான் சுகம். உங்கள் முட்டிவலி குறைந்ததா? அம்மா நேரத்துக்கு மாத்திரை போடுகிறார்களா?

இங்கே ஒரு சின்ன விஷயம், பயப்பட வேண்டாம். என் ஆராய்ச்சி வழிகாட்டி பேராசிரியர் மல்ஹோத்ரா நவீன இலக்கியத்தில் பெரிய பெயர். தொழிற்சாலை நாவல்களைப் பற்றிய அவர் கட்டுரையில் ஒரு வரி உண்டு: "தோல் பதனிடுகிறவனின் மூக்கு செத்துவிடும்." அதை அறுநூறு ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள்.

நேற்று அவருடைய பாராட்டுக் கூட்டத்தில் நான் எழுந்து, "இது தப்பு. என் அப்பா முப்பது வருஷமாக ஆம்பூரில் தோல் பதனிடுகிறார். தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டியை முகர்ந்தே பதம் சொல்வார்" என்றேன். அரங்கமே திரும்பிப் பார்த்தது. அவர் கோபப்படவில்லை. "அப்பாவிடம் எழுதி வாங்கி வா, அடுத்த பதிப்பில் திருத்துகிறேன்" என்றார்.

அறைக்கு வந்த பிறகுதான் இந்தக் கிறிஸ்துமஸ் நினைவுக்கு வந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் நீங்கள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள். அம்மா தெருவிலிருந்து ஓடி வந்து, "இன்னா இது, பால் தீஞ்சி தெரு வரைக்கும் நாறுது, உங்களுக்குத் தெரியலியா?" என்று கத்தினார்கள். நீங்கள் சிரித்து மழுப்பினீர்கள்.

இங்கே குளிர் ஜாஸ்தி. என் பழைய போர்வையை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. இந்தக் காகிதத்தின் ஓரத்தில் ஒன்றை அழுத்தித் தேய்த்திருக்கிறேன். அம்மாவிடம் கொடுப்பதற்கு முன் நீங்களே முகர்ந்து, என்னவென்று எழுதுங்கள். ஒன்றும் தெரியவில்லை என்றால், அதை எனக்கு மட்டும் எழுதுங்கள், அப்பா.

சௌந்தர்யா